மாநிறத் தோலில் நூல் நரம்புகள்

மாநிறத் தோலில் நூல் நரம்புகள் சிவப்பாகத் தெரிவது அரிது. மேல்நாட்டுப் படங்களில் வெளிறிய தோலின்மேல் செந்நிறக் கோடுகளாகப் பளிச்சென்று தெரியும் அவை, நம் கால்களில் ஊதாவும் கருநீலமும் கலந்து கிடப்பதால், பார்ப்பவருக்கு எங்கோ அடிபட்டுக் கன்றிப்போனதாகவே தோன்றும். மாலை வேளையில் பினாங்கு இளைஞர் பூங்காவில் முக்கால் காற்சட்டை அணிந்து நடக்கும்போது, “என்ன டீச்சர், மேசையில இடிச்சுக்கிட்டீங்களா?” என்று கேட்டவர்கள் பலர். சேலை கட்டிப் பள்ளிக்குச் செல்லும் எனக்கு வேலை நேரத்தில் அது ஒரு பொருட்டே இல்லை. ஆனாலும் தொடையின் வெளிப்புறத்தில் விசிறியாய் விரிந்தவையும் முழங்காலின் பின்மடிப்பில் பின்னிக் கிடந்தவையும் ஆண்டுக்கு ஆண்டு பரவுவதைக் கண்டபின், அவற்றை என்ன செய்யலாம் என்று விசாரிக்கத் தொடங்கினேன். விசாரித்ததிலும் பின்னர் சிகிச்சை செய்துகொண்டதிலும் எனக்குத் தெளிவானது இதுதான்: நூல் நரம்பை நீக்குவது இன்று அவ்வளவு கடினமான வேலை இல்லை, அது நீங்கிய இடத்தில் என்ன நிறம் தங்கும் என்பதே நம் நிறத்தவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

தோலின் மேலடுக்கில், ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான குறுக்களவில் விரிந்து அப்படியே நிலைத்துவிட்ட நுண்ணிய இரத்தக் குழாய்களே நூல் நரம்புகள்; சிலந்தி நரம்பு என்றும் சொல்வார்கள். அவற்றுக்குச் சற்றுக் கீழே ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் வரை பருத்த நீல நிறக் குழாய்கள் வலையாக ஓடும். மூன்று மில்லிமீட்டரைத் தாண்டிப் புடைத்து நெளிந்தால்தான் அதனை நரம்புச் சுருட்டு, அதாவது வெரிகோஸ் வெயின், என்று மருத்துவர்கள் கணக்கில் எடுக்கிறார்கள். 1994-இல் வகுக்கப்பட்டுப் பின்னர் 2004-இலும் 2020-இலும் திருத்தப்பட்ட ‘சீப்’ என்னும் பன்னாட்டு வகைப்பாட்டில், கால் நரம்புக் கோளாறுகள் பூஜ்யம் முதல் ஆறு வரை படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. நூல் நரம்பு அதில் முதற்படி. ஆறாத புண் ஆறாம் படி. முதற்படியில் இருப்பதனாலேயே ஒருவர் அடுத்தடுத்த படிகளுக்கு ஏறிவிடுவார் என்பதில்லை. வாட்ஸ்அப் புலனத்தில் சுற்றி வரும் ஒலிப்பதிவுகள் சில, இதைப் பக்கவாதத்துக்கும் மாரடைப்புக்கும் முன்னறிகுறி என்று பயமுறுத்துவதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

காரணத்தை எடுத்துக்கொண்டால், பரம்பரையும் பெண்களின் ஹார்மோன்களும்தான் முன்னே நிற்கின்றன. என் அம்மா, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கிய பிறகு அங்கே மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன பெண்களில் ஒருவர். ஷிப்டு முழுவதும் நின்றபடியே வேலை. அவர் கால்களில் இருந்த அதே இடங்களில்தான் எனக்கும் வந்திருக்கிறது. அம்மா நின்ற நிற்பா, அவரிடமிருந்து வந்த இரத்தமா, என் இரண்டு பிரசவங்களா, எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது. நிற்பதன் பங்கு என்னவென்பது மட்டும் விளக்கக்கூடியது. அசையாமல் நிற்கும்போது கணுக்கால் பகுதி இரத்த நாளத்தில் அழுத்தம் ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடக்கத் தொடங்கியதும் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுவதால் அது 30-க்கும் கீழே இறங்கிவிடும். திங்கட்கிழமைச் சபைகூடலில் முதல் உரையிலிருந்து கடைசி அறிவிப்பு வரை ஒரே இடத்தில் நிற்கும் ஆசிரியருக்கும், வகுப்பில் வரிசை வரிசையாக நடந்து கொண்டே பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் கால்களைப் பொறுத்தவரை பெரிய வேறுபாடு உண்டு. கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் நூல் நரம்பு வரும் என்று நம் வீடுகளில் பெண் பிள்ளைகளை அதட்டுவதற்கு மட்டும் உறுதியான சான்று எதுவும் இல்லை. அது மரியாதைப் பாடம், மருத்துவப் பாடமில்லை.

பூச்சு மருந்துகளைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. கடல் அட்டையிலிருந்து எடுக்கும் கமாட் எண்ணெய், கோடாலித் தைலம், ஆப்பிள் காடி, வைட்டமின் கே களிம்பு என எதுவும் விரிந்துபோன குழாயை மூடாது. குதிரைச் செஸ்ட்நட் விதைச் சாறு கால் கனத்தையும் வீக்கத்தையும் ஓரளவு குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கோட்டை அழிப்பதாகச் சொல்லவில்லை. அழுத்தி உருவி விடும் உருட்டு வைத்தியம் மட்டும் வேண்டவே வேண்டாம்.

மேற்பரப்பில் தெரிவதை நீக்கும் முன், அதற்கு அடியில் ஏதேனும் பெரிய குழாய் பழுதாகி இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாருக்கும் தேவையில்லை என்றாலும், சிலருக்குக் கட்டாயம் தேவை. மாலையில் கணுக்கால் வீங்குகிறவர்கள், கால் கனக்கிறது அல்லது குடைகிறது என்பவர்கள், தோல் கருத்துத் தடித்து அரிப்பெடுப்பவர்கள், முன்பு காலில் இரத்தக் கட்டி வந்தவர்கள் ஆகியோர் அந்தச் சிலரில் அடங்குவர். முக்கியமான இன்னோர் அடையாளம், கணுக்காலின் உட்புறத்தில் பாதத்தை நோக்கி விசிறி போல நெருக்கமாக விரியும் நீல ஊதாக் கோடுகள். பார்க்கத் தொடையில் உள்ள நூல் நரம்பைப் போலவே இருந்தாலும், 2020-இல் திருத்தப்பட்ட வகைப்பாட்டில் அது முதற்படியில் வைக்கப்படவில்லை; நாள்பட்ட நரம்புக் கோளாற்றின் அடையாளமாக நான்காம் படியில் வைக்கப்பட்டுள்ளது. பட்டர்வொர்த்தில் இருக்கும் என் அக்காவுக்கு அப்படித்தான் இருந்தது. “உனக்கு வந்த மாதிரிதான் எனக்கும், வயசானா வரும்” என்று சொல்லிக்கொண்டு இரவு தோறும் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவரை, என்னோடு அழைத்துச் சென்றுதான் காட்ட முடிந்தது.

அந்தப் பரிசோதனை வலியற்றது. ஆனால் படுத்துக்கொண்டு செய்வதில்லை. ஒரு சிறு படியின்மேல் ஏறி நின்று, உடல் எடையை மறு காலுக்கு மாற்றச் சொல்கிறார்கள். குளிர்ந்த களிம்பைத் தடவி, தொடை இடுக்கிலிருந்து கணுக்கால் வரை அல்ட்ராசவுண்டு கருவியை மெல்ல நகர்த்தி, ஆங்காங்கே நிறுத்திக் கெண்டைக்காலை இறுகப் பிடித்து விடுகிறார்கள். பிடிக்கும்போது இரத்தம் மேலே பாய்வது திரையில் ஒரு நிறமாகத் தெரிகிறது. கையை எடுத்ததும் அந்த நிறம் சட்டென மறைந்துவிட்டால், இரத்தத்தைக் கீழே திரும்பவிடாமல் தடுக்கும் அடைப்பிதழ்கள் ஒழுங்காக மூடுகின்றன என்று பொருள். அக்காவுக்கு நிறம் மாறி, இரத்தம் கீழ்நோக்கி வழிவது வெகுநேரம் தெரிந்தது. மேலோட்டமான குழாயில் அரை விநாடிக்கு மேல் பின்னோக்கி ஓடினாலே பழுது என்று கணக்கு. அவருக்குத் தொடை வழியே செல்லும் நீண்ட குழாயை உள்ளிருந்து வெப்பத்தால் மூடினார்கள். மரத்துப்போக ஊசி போட்டே செய்ததால் அன்றே வீட்டுக்கு வந்துவிட்டார். அந்தக் குழாயைச் சரிசெய்யாமல் மேலே உள்ள கோடுகளுக்கு மட்டும் ஊசி போட்டிருந்தால், கீழே வழியும் இரத்தத்தின் அழுத்தம் புதிய கோடுகளை உண்டாக்கிக்கொண்டே இருந்திருக்கும். எனக்கு எல்லா அடைப்பிதழ்களும் நலமாகவே இருந்தன.

இதற்கு முன்பே, ஒரு பேரங்காடியில் உள்ள அழகு நிலையத்தில் லேசர் சிகிச்சைக்கு மொத்தக் கட்டணத் திட்டம் ஒன்றை எனக்கு விளக்கியிருந்தார்கள். என் காலை யாரும் பார்க்கவில்லை; எந்த அலைநீளம் என்று கேட்டதற்கும் பதில் இல்லை. மாநிறத்தவருக்கு அந்தப் பதில்தான் தலையானது. லேசர் ஒளியை இரத்தமும் உறிஞ்சும். தோலுக்கு நிறம் தரும் மெலனினும் உறிஞ்சும். 532 அல்லது 595 நானோமீட்டர் போன்ற குறைந்த அலைநீளங்களில் மெலனின் உறிஞ்சும் அளவு அதிகம் என்பதால், வெளிறிய தோலுக்குப் பொருந்தும் அதே ஒளி நம் மேல்தோலைச் சுட்டு, கருந்திட்டையோ வெண்திட்டையோ விட்டுச் செல்லக்கூடும். 1064 நானோமீட்டரில் இயங்கும் என்டி யாக் லேசர் மெலனினிடம் அவ்வளவாகச் சிக்காமல் ஆழமாக இறங்குவதால் நமக்கு அதுவே பாதுகாப்பானது. எனினும் அது வலி கூடியது, பழகிய கையும் வேண்டும். கால் நரம்பைப் பொறுத்தவரை ஊசிதான் இன்றும் முதல் தேர்வு. ஊசிமுனை நுழைய முடியாத அளவுக்கு நுண்மையான கோடுகளுக்கும், ஊசியைக் கண்டாலே மயங்குபவர்களுக்கும் லேசர் இருக்கிறது.

ஊசிச் சிகிச்சைக்கு ஸ்கிளிரோதெரபி என்று பெயர். குழாயின் உட்சுவரை எரிச்சலூட்டும் திரவத்தைச் செலுத்தினால், சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, குழாய் அடைபட்டு, சில வாரங்களில் உடலே அதைக் கரைத்துவிடும். எனக்குப் பயன்படுத்தியது பாலிடோகனால். நூல் நரம்புக்கு 0.5 சதவீதமும் சற்றுப் பருத்த நீலக் குழாய்க்கு 1 சதவீதமும் வழக்கமான அளவு. முதலில் மரத்துப்போகச் செய்யும் மருந்தாக உருவாக்கப்பட்ட பொருள் என்பதால் இது போகும்போது அவ்வளவு எரிவதில்லை. இதற்குப் பதிலாகச் செறிந்த உப்பு நீரை ஏற்றிக்கொண்டவர்கள் தசைப்பிடிப்பும் எரிச்சலும் தாங்க முடியவில்லை என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். கர்ப்பிணிகளுக்கு இதைச் செய்வதில்லை. கர்ப்ப காலத்தில் வந்த கோடுகள் பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் தாமாகவே மங்குவதும் உண்டு என்பதால் அவர்கள் பொறுத்திருப்பதே நல்லது.

குப்புறப் படுக்கச் சொல்லி, அறை விளக்கை அணைத்துவிட்டு, மருத்துவர் ஒரு சிறு விளக்கைத் தோலோடு அழுத்தினார். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்த வெற்றிலையில் நரம்பு தெரிவது போல, அதுவரை கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய் கருங்கோடாகத் தெரிந்தது. தொடையில் விசிறியாக விரிந்திருந்த கோடுகள் அத்தனையும் அதிலிருந்துதான் கிளைத்திருந்தன. வெளிறிய தோலில் வெறுங்கண்ணுக்கே தென்படும் இந்த ஊட்டுக் குழாய் நம் தோலில் மறைந்து கிடப்பதால், விளக்கில்லாமல் மேலே தெரிவதை மட்டும் குத்திவிட்டு அனுப்பிவிடும் வாய்ப்பு அதிகம். விளக்கைப் போட்டபின், தோலில் ஆல்கஹால் தடவி ஈரமாக்கி, முடியளவு மெல்லிய ஊசியைச் சற்று வளைத்து, ஏறக்குறைய தோலுக்கு இணையாகப் படுக்க வைத்துச் செலுத்தினார். முதலில் ஊட்டுக் குழாய், பிறகு கிளைகள். தாதி நீட்டிய கண்ணாடியில் திரும்பிப் பார்த்தேன்: மருந்து உள்ளே போன கணத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா நிறம் முழுவதும் வெளுத்துப் போனது. நான் வியந்து வாய் திறப்பதற்குள் நிறம் மெல்லத் திரும்பி, குத்திய இடமெல்லாம் தடித்து அரிக்கத் தொடங்கியது. “இதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க டீச்சர், மூணு வாரத்துக்கு முன்னைவிட மோசமாத்தான் தெரியும்” என்றார் மருத்துவர். அது சரியாகவே இருந்தது.

முடிந்ததும் அழுத்தக் காலுறையை மாட்டிவிட்டு, உடனே அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள்; அருகிலிருந்த கோப்பிக் கடை வரை போய்த் திரும்பினேன். நம் ஊர் வெப்பத்தில் அந்தக் காலுறைதான் உண்மையான சோதனை. காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன், கால் வீங்காதிருக்கும்போதே அணிந்துவிட வேண்டும்; பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டு மேலே தடவி ஏற்றினால் மடிப்பில்லாமல் ஏறும். மடிப்பு விழுந்தால் அந்த இடத்தில் தோலை அறுக்கும். சேலைக்கு அடியில் யாருக்கும் தெரியாது என்பது நமக்கு ஒரு வசதி. நீரிழிவு உள்ளவர்கள் மட்டும் தாமாகவே மருந்துக் கடையில் வாங்கி மாட்டக் கூடாது. பாதத்துக்கு வரும் இரத்த ஓட்டம் ஏற்கெனவே குறைந்திருந்தால் அழுத்தக் காலுறை கேடு செய்யும். 2019-ஆம் ஆண்டு தேசிய உடல்நல ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 சதவீதத்தினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டறியப்பட்டது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். அக்காவுக்குக் காலுறை தரும் முன் பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்த்து, கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிட்ட பிறகே கொடுத்தார்கள்.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். தைப்பூசத்துக்கு முன் செய்துகொள்ளலாமா என்று கேட்டதற்கு, முடிந்த பிறகு வாருங்கள் என்றார் மருத்துவர். இரதம் வரும் வரை இரவெல்லாம் நிற்பதும், வெயிலில் தண்ணீர்மலை ஏறுவதும் ஊசி போட்ட காலுக்கு ஆகாது. குறிப்பாக, ஆறிக்கொண்டிருக்கும் தோலில் வெயில் பட்டால் கருமை தங்கும். முதல் சில வாரங்களில் நீண்ட விமானப் பயணத்தையும் தவிர்க்கச் சொன்னார்.

இனி அந்தக் கருமை. குழாய் அடைபடும்போது உள்ளே சிக்கிய இரத்தம் சிதைந்து, அதிலுள்ள இரும்புச் சத்து தோலில் படிவதால், ஊதாக் கோடு இருந்த அதே தடத்தில் பழுப்புக் கோடு தோன்றும். இது அபூர்வமான பக்கவிளைவு இல்லை. பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் மங்கிவிடும், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபார்வைக்குப் போனபோது, தொட்டால் கெட்டியாக இருந்த இடங்களில் நுண்ணூசியால் குத்தி, உறைந்து கறுத்த இரத்தத்தைப் பிதுக்கி எடுத்தார். அப்படி எடுத்தால் கறை குறையும். என் முழங்காலின் பின்னே ஒரு பழுப்புக் கீற்று இன்னும் இருக்கிறது. இந்தக் கறையைப் போக்க வெளுப்புக் களிம்பு தடவுவது வீண் வேலை: அந்தக் களிம்புகள் குறிவைப்பது மெலனினை, இங்கே படிந்திருப்பதோ இரும்பு. இரவுச் சந்தையில் விற்கும் களிம்புகள் சிலவற்றில் பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் இருந்ததைக் கண்டறிந்து, சுகாதார அமைச்சின் மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு அவற்றின் அனுமதியைப் பலமுறை ரத்து செய்திருக்கிறது. பழுப்புக் கோட்டுக்காகப் பாதரசத்தைப் பூசிக்கொள்வதைக் காட்டிலும் ஊதாக் கோட்டோடு இருந்துவிடுவது எவ்வளவோ மேல்.

இதனால்தான் இரண்டு கால்களுக்கும் ஒரேயடியாகச் செய்துகொள்ள நான் ஒப்பவில்லை. ஒரு காலில், எளிதில் கண்ணில் படாத ஒரு பகுதிக்கு மட்டும் செய்துவிட்டுச் சில மாதங்கள் காத்திருந்தால், தன் தோல் எப்படி நடந்துகொள்கிறது என்பது ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிடும். ஒரு முறைக்குச் சில நூறு வெள்ளி (ரிங்கிட்) ஆகும். அழகுக்கான சிகிச்சை என்று காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாகக் கைவிரித்துவிடும் என்பதால் காத்திருப்பது பணத்துக்கும் நல்லது. செய்கிறவர் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். அழகுக்கலை நிபுணர் ஊசியைத் தொடவே கூடாது. சிறப்பு மருத்துவர்களின் பெயர்களைத் தேசிய சிறப்பு மருத்துவர் பதிவேட்டில் இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். அழகியல் சிகிச்சை அளிக்கும் பொது மருத்துவர் என்றால், சுகாதார அமைச்சு வழங்கும் எல்.சி.பி. எனும் அங்கீகாரக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை. நம் நிறத்தவருக்கு அவர் செய்த சிகிச்சையின் முன்பின் படங்களையும் கேளுங்கள். ஓராண்டு கழித்து எடுத்த படமாக இருந்தால்தான் அதற்குப் பொருளுண்டு.

தொடையில் இருந்தவை பெரும்பாலும் போய்விட்டன, முழுவதும் இல்லை. மூடிய குழாய் மீண்டும் திறப்பது அரிது என்றாலும், புதியவை வேறிடத்தில் வருவதை எந்த ஊசியும் தடுக்காது. மறு காலை ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் பார்க்கலாம் என்று மருத்துவரோடு பேசி வைத்திருக்கிறேன். கணுக்காலருகே உள்ள இரண்டு மூன்று கோடுகளை அப்படியே விட்டுவிடுவதாக முடிவு; அங்கே தோல் மெல்லியது, புண்ணும் கறையும் வர வாய்ப்புக் கூடுதல் என்று அவரே சொல்லிவிட்டார்.